டி.பி. ராஜலட்சுமி பற்றி புள்ளைகள் கேட்ட கேள்விகள், எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில்

நான் இலங்கையில மட்டக்களப்புக் கல்லடியில உயர்தரப் புள்ளைகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறன். போன மாசம் இசை நாடகம் படிப்பிக்கக்குள்ள டி.பி. ராஜலட்சுமி எண்டு ஒரு பேரைச் சொன்னன், வகுப்பில ஒருத்தருக்கும் தெரியா, ஒரு பொடியன் மட்டும் "மிஸ் அது எம்.எஸ். சுப்புலட்சுமிட சொந்தக்காரியா" எண்டு கேட்டான். அண்டைக்கு இரவு தொடங்கினது வட்ஸ்அப்பில கேள்வி. புள்ளைகள் மட்டுமில்ல அவங்கட அம்மாமாரும் கேக்காங்க, காத்தான்குடியில இருந்து ஒரு டீச்சர், அக்கரைப்பற்றில இருந்து ஒரு தம்பி, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பி அனுப்பி எனக்கு தொண்டை அடைச்சதுதான் மிச்சம். அதால எழுதியே வைக்கிறன், இனி கேக்கிற ஆக்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

ஆர் இந்த டி.பி. ராஜலட்சுமி?

திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. தஞ்சாவூர்ப் பக்கம் திருவையாற்றில 1911 நவம்பர் 11ல பிறந்தவ. 1931ல வந்த முதலாவது தமிழ் பேசும் படம் காளிதாஸ், அதிட கதாநாயகி இவதான். 1936ல மிஸ் கமலா எண்டு ஒரு படத்துக்கு தானே கதை எழுதி, தானே காசு போட்டு, தானே டைரக்ட் பண்ணி, தானே நடிச்சும் விட்டா. தென்னிந்தியாவில முதல் பெண் டைரக்டர். முழு இந்தியாவையும் எடுத்தா ரெண்டாவது, முதலாவது பம்பாயில 1926ல படம் எடுத்த பாத்திமா பேகம். சனம் இவக்கு வச்ச பட்டம் சினிமா ராணி. 1964ல காலமானா.

இது பரீட்சைத் தாளுக்கு எழுதுற பதில், இதை எழுதினா புள்ளி வரும். ஆனா என்னைக் கேட்டா இதில ஒரு பெரிய ஓட்டை கிடக்கு, முதல் வரியிலயே வரவேண்டிய ரெண்டு சொல் வரல்ல. மேடைப் பாடகி. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

மேடைப் பாடகி எண்டா கச்சேரி பாடினவவா?

இல்ல புள்ள. நாடக மேடை. அந்தக் காலத்து நாடகத்தில வசனத்தை விட பாட்டுதான் கூட. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அரிச்சந்திரா, இதுகள்தான் கதை, சனத்துக்கு எல்லாக் கதையும் தெரியும், முடிவும் தெரியும், அப்ப எதுக்கு வாறாங்க? ஆர் எப்பிடிப் பாடுறாங்க எண்டு கேக்கத்தான்.

அதிலயும் ஸ்பெஷல் நாடகம் எண்டு ஒரு வகை இருந்தது, இப்பவும் மதுரைப் பக்கம் நடக்குது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) இன்னொரு ஊர், பகிடிக்கார பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் மறுகா வேறொரு ஊர். எல்லாரையும் தனித்தனியா காசு பேசிக் கூட்டிவாறது. ஒத்திகை எண்டு ஒண்டும் இல்ல, பின்னேரம் வந்து இறங்கி ராவைக்கு ஏறி விடிய விடிய ஆடுறது. வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் வரும், அவர் பாட்டில கேக்க இவ பாட்டிலயே பதில் குடுக்கணும், மத்த ஆள் எந்த ராகத்தைத் தூக்குவாரெண்டும் முன்னுக்குத் தெரியா. தடுமாறினா சனம் விசில் அடிக்கும். நல்லாப் பாடினா ஒன்ஸ்மோர் எண்டு கத்தும், அப்ப கதை நிக்கும், செத்தவனும் எழும்பிப் பாடிப்போட்டு மறுகா சாகணும்.

இது எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்கப்படுத்த நான் ஒரு வேலை செஞ்சன். எங்கட வகுப்பு தகரக் கூரை. நவம்பர் மழை தொடங்கினா பக்கத்தில இருக்கிறவர் கதைக்கிறதே கேக்காது. அப்பிடி ஒரு நாள் கரண்டும் போயிட்டு, கோயில்ல எல்லாம் மைக்கில நல்லாப் பாடுற ஒரு பொடிச்சி இருக்கா, அவவை முன்னுக்கு நிப்பாட்டி "கடைசி வாங்குக்குக் கேக்கப் பாடு" எண்டன். ரெண்டு வரி பாடினா, கடைசி வாங்கு தலையாட்டுது கேக்கல்ல எண்டு. கத்திப் பாடினா, சுருதி போயிட்டு. மூணாம் தரம் வயித்தில இருந்து மூச்சை எடுத்து வாயை நல்லாத் திறந்து பாடினா, அப்பதான் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது, அதுவும் நாலு வரியோட இளைச்சுப் போய் வாங்கில இருந்திட்டா. அங்க இருந்தது முப்பது பேர். ராஜலட்சுமி பாடக்குள்ள முன்னுக்கு இருந்தது ஆயிரக்கணக்கில, விடியும் வரைக்கும், மைக் இல்லாம.

அப்ப எல்லாரும் கத்தித்தானே பாடியிருப்பாங்க?

கத்துறது வேற, மேல்சுருதியில பாடுறது வேற. ஆர்மோனியப் பெட்டியில வெள்ளைக் கட்டை முதலாவதை ஒண்டு எண்டு எண்ணினா பொம்பிளைகள் வழமையா அஞ்சு, அஞ்சரை, ஆறு கட்டையில பாடுவாங்க, ஆம்பிளைகள் ஒண்டு ஒண்டரை. மேடையில பாடின ஆம்பிளைகள் அதை விட்டு நாலு நாலரைக்குப் போனாங்க. ஏன் எண்டா உசந்த குரல்தான் தூரத்துக்குப் போகும். மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல சாகக்குள்ள வயசு 27தான், அந்தச் சின்ன வயசுக்குள்ள அந்தக் குரலால கட்டின பேர்தான் இண்டைக்கும் நிக்குது.

பிராமண வீட்டுப் புள்ள எப்பிடி நாடகத்துக்கு வந்தா?

பசி. வேற என்ன. சின்னப் புள்ளையிலயே கல்யாணம் முடிச்சுக் குடுத்தாங்க, அது நிலைக்கல்ல, வீட்டுக்கு வந்திட்டா. தகப்பனும் போயிட்டார். தாயும் மகளும் திருச்சிக்குப் போறாங்க. அங்க சாமண்ணா எண்டு ஒருத்தர் நாடகக் கம்பெனி வச்சிருந்தவர், அங்கதான் சேர்ந்தா, அந்தக் காலத்துப் பெரிய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இவட பாட்டைக் கேட்டு நல்லது சொன்னதாயும் எழுதியிருக்காங்க. வயசு பத்து பதினொண்டு இருக்கும். எங்கட ஊரில ஆறாம் ஆண்டுப் புள்ளைகள் இருக்கிற அளவு.

அந்த நேரத்தில கம்பெனி எல்லாம் பாய்ஸ் கம்பெனி, பொம்பிளை வேசத்தையும் பொடியன்மார்தான் கட்டுவாங்க. பொம்பிளைகள் நடிச்ச கம்பெனி குறைவு, நடிச்சா ஊர் கதைக்கும், அதுவும் இப்பிடி ஒரு வீட்டில இருந்து வந்தா சொல்லவே தேவையில்ல. அவட சாதிசனம் என்ன சொல்லியிருக்கும் எண்டு நம்மளுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல, நம்மட ஊரிலயும் அப்பிடித்தானே.

சினிமாவுக்கு நேரா காளிதாஸ்தானா?

இல்ல, அதுக்கு முன்னுக்கு ஊமைப் படம். 1929ல கோவலன். யோசிச்சுப் பாருங்க, பாட்டால பேர் வாங்கின ஒருத்தியைக் கூட்டிப்போய் சத்தமே இல்லாத படத்தில நடிக்க விட்டிருக்காங்க.

காளிதாஸ் உண்மையா தமிழ்ப் படமா? முழுக்கத் தமிழ் இல்லையாமே?

சரியாத்தான் கேட்டிருக்கீங்க. கதாநாயகி ராஜலட்சுமி தமிழ் பேசுறா, கதாநாயகன் தெலுங்கு பேசுறார், இடையில இந்தியும் வருது. இளவரசிக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் ஒருத்தர் பேசுறது மத்தவருக்கு விளங்கினது எப்பிடி எண்டு கேக்காதீங்க, சனம் கேக்கல்ல. படம் பேசுது, அது காணும். பாட்டில தியாகராஜ கீர்த்தனையும் இருந்தது.

எடுத்தது பம்பாயில, அர்தேஷிர் இரானிட இம்பீரியல் கம்பெனி. அதே வருசம் மார்ச்சில இந்தியாட முதல் பேசும் படம் ஆலம் ஆராவை வெளியிட்ட அதே ஆக்கள், அதே செற்றிலதான் இதையும் எடுத்தாங்க, டைரக்டர் எச்.எம். ரெட்டி. 1931 ஒக்டோபர் 31ல மதராஸ் சினிமா சென்ட்ரல் தியேட்டரில ஓடினது. படப்பெட்டி ரயிலில வந்து இறங்கக்குள்ள சனம் பூப் போட்டு தேங்காய் உடைச்சு தியேட்டர் வரைக்கும் பின்னால போனதெண்டு சொல்லுவாங்க. எங்கட பக்கம் அம்மன் கும்பம் ஊர்வலம் போறமாதிரி நினைச்சுக்கொள்ளுங்க.

இந்த இடத்தில ஒரு விசயம். அப்ப பின்னணிப் பாடல் எண்டு ஒண்டு இல்ல. கமெரா ஓடக்குள்ளயே நடிக்கிறவ பாடணும், வாத்தியக்காரர் கமெராவுக்குப் படாம ஓரத்தில ஒளிச்சு இருந்து வாசிக்கணும், பிழைச்சா முழுக்க முதல்ல இருந்து. அப்ப ஆரைக் கூப்பிடுவாங்க? வடிவான ஆளையா, ஒத்திகை இல்லாம ஒரே மூச்சில பிழையில்லாமப் பாடிப் பழகின ஆளையா? கொஞ்சப் பேர் நினைக்காங்க இவவுக்கு அதிர்ஷ்டம் அடிச்சது எண்டு. பதினொரு வயசில இருந்து விடிய விடியப் பாடினதுதான் அந்த அதிர்ஷ்டம்.

காளிதாசன் கதைக்குள்ள காந்திப் பாட்டு வந்ததாமே, அது எப்பிடி?

வந்ததுதான். காந்திட ராட்டினத்தைப் பத்தி மதுரை பாஸ்கரதாஸ் எழுதின பாட்டு. கதைக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. நாடக மேடையில அது வழமை, திரை விழுந்து அடுத்த காட்சிக்கு வேசம் மாத்துற இடைவெளியில ஒருத்தர் வந்து தேசியப் பாட்டுப் பாடுவார், சனம் அதுக்கும் ஒன்ஸ்மோர் கேக்கும், பொலிஸ் பின்னுக்கு நிண்டு குறிச்செடுக்கும். விஸ்வநாததாஸ் எண்டு ஒரு பெரிய நடிகர், அப்பிடிப் பாடிப்பாடியே எத்தின தரம் ஜெயிலுக்குப் போனார், 1940 கடைசி நாள் முருகன் வேசத்தில மேடையிலயே உயிர் போனது. ராஜலட்சுமியும் அந்த மேடையில வளந்தவ. அந்தப் பழக்கத்தையே படத்துக்குள்ளயும் கொண்டு வந்திருக்காங்க.

காளிதாஸை யூடியூப்பில பாக்கலாமா?

ஏலாது. ஒரு கொப்பியும் மிஞ்சல்ல. ஃபோட்டோவும் பத்திரிகை விளம்பரமும்தான் கிடக்கு. மிஸ் கமலாவும் பாக்கக் கிடைக்காது. "முழுப் படம்" எண்டு தலைப்புப் போட்டு வாற வீடியோவை நம்பாதீங்க, அதுகள் 1966ல சிவாஜி நடிச்ச மகாகவி காளிதாஸ், அது வேற படம்.

நடிச்சிட்டு இருந்தவ ஏன் தயாரிப்பாளர் ஆனா? நடிப்பிலயே நல்ல காசு வந்திருக்குமே?

இந்தக் கேள்வியைக் கேட்டது களுவாஞ்சிக்குடியில கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன், வியாபாரி எண்டபடியா கேள்வி சரியான இடத்தில போய்ப் பட்டிருக்கு.

காளிதாசுக்குப் பிறகு இவக்கு படத்துக்கு மேல படம். 1932ல ராமாயணம், 1933ல வள்ளி திருமணம், 1935ல குலேபகாவலி, லலிதாங்கி. எல்லாம் பழைய நாடகக் கதைகள். வள்ளி திருமணத்தில கூட நடிச்ச டி.வி. சுந்தரத்தைத்தான் பிறகு கல்யாணம் முடிச்சா. சென்னையில சத்தத்தோட படம் எடுக்கிற ஸ்டூடியோ வந்ததே 1934ல, அதுவரைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் முழுக் கோஷ்டியும் ரயில் ஏறணும், ஆர்மோனியம், மிருதங்கம், வேசப்பெட்டி, சமையல்காரர் எல்லாரும் சேர்த்து.

மேடையில இருந்தப்ப இவ ஆருக்கும் கைகட்டி நிக்கல்ல. ஸ்பெஷல் நாடகத்தில உன்ட குரல் உன்ட சொத்து, நீயே காசு பேசலாம், பிடிக்காட்டி வேற ஊருக்குப் போகலாம். சினிமாவில குரலும் போகுது, படப்பெட்டியும் முதலாளிட கையில போகுது. ஒருக்காப் பாடினதை அவர் நூறு ஊரில ஓட்டுவார், பாடினவக்கு ஒருக்காத்தான் காசு. இவ அதை யோசிச்சு இருப்பா எண்டுதான் நான் நினைக்கிறன், எங்கயும் சொன்னதா நான் படிக்கல்ல, என்ட ஊகம்தான். எப்பிடியோ ராஜம் டாக்கீஸ் எண்டு சொந்தக் கம்பெனி வந்திட்டு. தான் எழுதின கமலவல்லி நாவலையே எடுத்து மிஸ் கமலா ஆக்கினா. எல்லாரும் புராணப் படம் எடுத்திட்டு இருந்த நேரம் இவ சமூகக் கதையைத் தொட்டா எண்டதைக் கவனியுங்க. பேரிலயே "மிஸ்" எண்டு இருக்கு, 1936ல அது எவ்வளவு புதுசாக் கேட்டிருக்கும்! மகளுக்கும் கமலா எண்டுதான் பேர் வச்சா.

தயாரிப்பாளர் எண்டா காசு போடுறது மட்டும் இல்ல அண்ணன். ஸ்டூடியோவை நாள் வாடகைக்கு எடுக்கணும், ஃபிலிம் சுருள் வாங்கணும், நடிக்கிற ஆக்களுக்கு சாப்பாடு, படம் முடிய ஊர் ஊரா விநியோகஸ்தருக்கு விக்கணும், சென்சாருக்குப் பதில் சொல்லணும். பொம்பிளை ஒருத்தி மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து இதெல்லாம் பேசினது அந்தக் காலத்தில.

படம் எடுத்துத்தான் காசெல்லாம் போனதா?

பெரும்பாலும் ஓம். 1939ல மதுரை வீரன் எடுத்தா, அதுவும் தயாரிப்பும் டைரக்சனும் அவதான். (எம்.ஜி.ஆர் நடிச்சது 1956ல வந்தது, ரெண்டையும் குழப்பி எழுதின ஒரு நோட்ஸ் இஞ்ச கைமாறித் திரியுது, அதைக் கிழிச்சுப் போடுங்க.) இந்தியத் தாய் எண்டு தேசியம் பேசுற படம் ஒண்டு எடுக்க, வெள்ளைக்காரன்ட சென்சார் விடல்ல, இழுபட்டு வெட்டுப்பட்டு நட்டத்தில போய் முடிஞ்சது.

அதே நேரத்தில இன்னொரு மாற்றமும் வருது. 1938ல நந்தகுமார் எண்டு படம், டி.ஆர். மகாலிங்கம் சின்னப் பொடியனா கிருஷ்ணன், இவ யசோதை. அந்தப் படத்திலதான் தமிழில முதல்முதலா ஒருத்தர் நடிக்க இன்னொருத்தர் குரல் குடுத்தது எண்டு சொல்லுறாங்க. இவக்கு இல்ல, வேற ஒரு நடிகைக்கு. இவக்குத் தேவையில்லையே. ஆனா அண்டையோட கதவு திறந்திட்டு, இனி பாடத் தெரியாட்டியும் நடிக்கலாம். முகம் ஒருத்தி, குரல் ஒருத்தி. மேடையில இருந்து வந்த தலைமுறைக்கு இனி முந்தின மதிப்பு இல்ல.

கே.பி. சுந்தராம்பாளும் இவவும் ஒரே காலமா? இலங்கைக்கு வந்தது ஆர்?

சுந்தராம்பாளும் மேடைப் பாடகிதான், 1908ல கொடுமுடியில பிறந்தவ, மூணு வயசு மூப்பு. அவதான் சின்னப் புள்ளையிலயே கொழும்புக்கு நாடகத்துக்கு வந்து பேர் எடுத்தவ. கிட்டப்பாவும் அவவும் ஒண்டா மேடை ஏறினதும் கொழும்பிலதான், 1926 அளவில. தமிழ்நாடே கும்பிட்ட அந்தச் சோடி நம்மட நாட்டில தொடங்கினது எண்டா எங்கட புள்ளைகள் நம்புதுகள் இல்ல. அப்பவே தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்கு கப்பல் ஓடினது, கம்பெனிகள் லேசா வந்து போச்சுதுகள். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928ல, அதால 1926ல எங்கட சனம் போய்ப் பாத்திருந்தா மாட்டுவண்டியும் கரடியனாத்துக் காடும்தான்.

ரெண்டு பேரும் வேற வேற வழி. கிட்டப்பா போனப்ப சுந்தராம்பாளுக்கு வயசு 25, அண்டையில இருந்து வெள்ளைச் சீலை. படத்துக்கே வரமாட்டன் எண்டு நிண்டவவை 1935ல நந்தனாருக்கு ஒரு லட்சம் ரூபா குடுத்துக் கூட்டிவந்தாங்க, அந்தக் காலத்து ஒரு லட்சம். அவ காசை வாங்கி எண்ணி வச்சா, கொடுமுடியில தியேட்டர் கட்டினா, சட்ட மேலவைக்கும் போனா, 1969ல துணைவன் படப் பாட்டுக்கு தேசிய விருது, 1970ல பத்மஸ்ரீ. ராஜலட்சுமி காசைத் திருப்பிப் படத்துக்குள்ளயே போட்டா. ஆர் கெட்டிக்காரி எண்டு என்னைக் கேக்காதீங்க, எனக்கு ராஜலட்சுமியைத்தான் பிடிக்கும்.

எங்கட நாட்டில அப்பிடி ஆரும் இல்லையா?

ருக்மணி தேவி! இதைக் கேட்டா எங்கட ஆக்கள் சிங்கள நடிகைதானே எண்டுறாங்க. 1923ல ரம்பொடையில பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ், தமிழ்ப் புள்ள. மினர்வா நாடகக் குழுவில மேடையில பாடி நடிச்சு வந்து, 1947ல முதல் சிங்களப் பேசும் படம் கடவுணு பொறொந்துவ, அதில கதாநாயகி. அந்தப் படத்தை எடுத்த எஸ்.எம். நாயகமும் தமிழர், எடுத்த இடம் மதுரை. கடைசி வரைக்கும் மேடையில பாடினவ, 1978 ஒக்டோபரில மாத்தறையில ஒரு இசை நிகழ்ச்சி முடிச்சுத் திரும்பி வரக்குள்ள ஜா-எலப் பக்கம் கார் அடிபட்டு இறந்தா. ராஜலட்சுமி காளிதாசில, இவ பதினாறு வருசம் கழிச்சு. ரெண்டு மொழியிலயும் முதல் பேசும் படத்துக்கு ஆள் வந்தது நாடகக் கொட்டகையில இருந்துதான்.

அந்த நேரம் மட்டக்களப்பில பொம்பிளைகள் மேடை ஏறினாங்களா மிஸ்?

கூத்து ஆடுற களரியில இல்ல. எங்கட கூத்தில ரெண்டு வகை, வடமோடியோ தென்மோடியோ, திரௌபதை எண்டாலும் சுபத்திரை எண்டாலும் ஆம்பிளைதான் சீலை உடுத்து ஆடினது. என்ட அப்பப்பா பொம்பிளை வேசக்காரர். விடியப்புறம் களரியால வந்து கிணத்தடியில முகத்துச் சாயம் கழுவக்குள்ள அப்பம்மாதான் தண்ணி வாத்து விடுவா, "என்ட சீலையைக் கிழிச்சுப் போட்டாய்" எண்டு ஏசிக்கு. அப்பம்மாக்கு அந்தக் கூத்து முழுக்கப் பாடமாம், கூத்துப் பழக்கிற அண்ணாவியார் தவறவிட்ட தருவை, எண்டா கூத்துப் பாட்டை, அடுப்படியில இருந்தே எடுத்துக் குடுப்பாவாம். அவவை ஒருத்தரும் களரிக்குக் கூப்பிடல்ல.

1960களில பேராதனையில பேராசிரியர் வித்தியானந்தன் எங்கட கூத்தை எடுத்து மேடைக்கு ஏத்தக்குள்ளதான் பல்கலைக்கழகப் பொடிச்சிகள் பெண் பாத்திரத்தில ஆடினாங்க. இப்ப கல்லடியில விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில பாருங்க, பொடிச்சிகள் சதங்கை கட்டி ஆடுறாங்க, மத்தளமும் அடிக்காங்க.

இது பரீட்சைக்கு வருமா?

தெரிஞ்சா நான் ஏன் தகரக் கொட்டிலில படிப்பிக்கிறன்.

அவட குரலைக் கேக்க ஏலாட்டி வேற எதைக் கேக்கட்டும்?

சுந்தராம்பாளைக் கேளுங்க. 1953ல ஔவையார், 1965ல திருவிளையாடல். அதுகள் மைக்கும் ஸ்டூடியோவும் நல்லா வந்த காலத்துப் படங்கள், அப்பிடி இருந்தும் அவ பாடுறது கடைசி வரிசையில இருக்கிறவனுக்குத்தான், கேட்டா உங்களுக்கே விளங்கும். சொல்லை எப்பிடி உடைக்காமக் கொண்டு போறா, மூச்சை எங்க எடுக்கா எண்டு பாருங்க. ஹெட்போன் போடாதீங்க, போனை வீட்டில ஒரு அறையில வச்சுப்போட்டு வளவுக்குள்ள இறங்கி நிண்டு கேளுங்க.

மறுகா ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆளுக்கொரு பாட்டுப் பாடமாக்கி வரணும், வள்ளியோ பவளக்கொடியோ, ரெண்டு நிமிசம் காணும். அந்த மழை நாள் பாடின பொடிச்சி ஏற்கெனவே மெசேஜ் போட்டிருக்கா, கரண்ட் இருந்தா மைக் தருவீங்களா மிஸ் எண்டு. தரமாட்டன்.